அம்மம்மாவின் மூக்குப்பேணியை வரைவது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் இருந்த அம்மம்மாவின் வீட்டை விற்றபோது அதன் குசினியிலிருந்து எடுத்துவந்த மூக்குப்பேணி (தண்ணீர் குடிக்கும் மூக்கு வைத்த பித்தளைப் பேணி), அரிக்கன் லாம்பு, பாக்குவெட்டி, நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைக் கூம்பு) ஆகிய நான்கையும் மேசையில் வைத்து மூன்று எண்ணெய் வர்ணப் படங்கள் வரைந்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் "அச்சொட்டாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள் என்றும், அந்தப் பேணியைக் கையில் எடுக்கும்போது உங்களுக்குத் தொண்டையில் ஏதோ வந்து அடைக்கிறதே, அது படத்தில் ஏன் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு இரண்டு வரியிலும் பதில் எழுதலாம். ஆனால் அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு உங்களால் நான்காவது படத்தைத் தொடங்க முடியாது. ஆகவே நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கையில் பழுதில்லை. பேணியின் வாய் நீள்வட்டமும் அடி நீள்வட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. நிழல்கள் ஒரே பக்கம் விழுகின்றன. லாம்பின் கம்பிக்கூடு கோணவில்லை. பிழையெல்லாம் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேணியைப் புளி போட்டு மினுக்கியிருக்கிறீர்கள். லாம்பின் சிமினியைக் கழுவியிருக்கிறீர்கள். நான்கு சாமான்களையும் உயரத்தின்படி அடுக்கி, பின்னால் மண்ணிறத் துணியொன்றைத் தொங்கவிட்டு, மேலே குழல் விளக்கைப் போட்டிருக்கிறீர்கள். பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் வீட்டை ஒதுக்குவதைப் போல ஒதுக்கியிருக்கிறீர்கள்; அப்படி ஒதுக்கிய வீட்டில் கதிரை, மேசை எல்லாம் இருக்கும், அங்கே குடியிருப்பவர்களின் தடம் மாத்திரம் இருக்காது.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர் பெரியம்மாவின் மூக்குப்பேணியை வாங்கிவந்து, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பொன் போலாக்கி, ஒரு மாதம் இருந்து வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைக் கையில் வாங்கி, யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆருடைய பேணி?" என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். "என்னுடையது அடியில நெளிஞ்சிருக்கும். கிணத்துக்கட்டில விழுந்தது" என்றார். நெளிவு இருந்தது உண்மை. படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தவன் நான்தான். உலகத்தில் உள்ள எல்லா மூக்குப்பேணிகளிலிருந்தும் பெரியம்மாவின் பேணியைப் பிரித்துக்காட்டிய ஒரே அடையாளத்தை நான் கவனமாக மறைத்திருந்தேன்.

நான் சொல்லவருவது இதுதான்: ஒரு சாமான் பழையது என்பதற்காக அதைப் பார்ப்பவருக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை, அது புழங்கிய சாமான் என்பதைக் கண் கண்டுகொள்ளும்போதுதான் வருகிறது. பழைமை வயதைப் பொறுத்தது, அதை நூதனசாலைகூடக் காட்டும். புழக்கம் ஒரு கையைப் பொறுத்தது. பித்தளைப் பேணியை எந்த இடத்தில் விரல்கள் பற்றினவோ அந்த இடம் மட்டும் பளபளப்பாக இருந்து, மற்ற இடங்கள் மங்கிக் கறுத்திருக்கும். பாக்குவெட்டியின் இரண்டு பிடிகளில் உள்ளங்கை அழுத்திய பிடி வழுவழுப்பாக இருக்கும். நீத்துப்பெட்டியின் கூம்பு நுனியில் ஆவி பட்டுப் பட்டு ஓலை கடும் மண்ணிறமாக மாறியிருக்கும், விளிம்பு மட்டும் வெளிறியே இருக்கும். விறகடுப்பில் ஏறிய அலுமினியப் பானையின் கரி ஓர் உயரத்தில் நின்றுவிடும். தேய்த்தவருடைய கை சலித்துப்போன எல்லை அது. இவற்றையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொருளின் உருவத்தைக் கீறுவதற்கு முன் இந்தத் தடங்களின் இடங்களைத்தான் குறிக்க வேண்டும். ஏனென்றால் படம் முக்கால்வாசி முடிந்த பிறகு மேலே போடும் நெளிவு, ஒட்டிய நெளிவாகவே தெரியும்.

திருகோணமலைச் சாமான்களுக்கு இன்னொரு தடமும் உண்டு. மூன்று பக்கமும் கடல் வந்து முட்டும் ஊரில் உப்புக்காற்று எதையும் சும்மா விடாது. இரும்பு துருவேறிக் கண்ணீர்க்கோடு போல வழிந்து நிற்கும்; பித்தளையின் மடிப்புகளில் பச்சைக் களிம்பு தங்கும்; அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளிகள் அரித்துக் கிடக்கும். நுவரெலியாவில் இருந்த ஒரு அரிக்கன் லாம்பும் டச்சுக்குடாக் கரையோர வீட்டில் இருந்த ஒரு அரிக்கன் லாம்பும் கடையில் ஒரே விலைக்கு வாங்கியவையாக இருக்கலாம், ஆனால் இருபது வருடங்களுக்குப் பிறகு ஒன்றைப் போல மற்றது இராது. உங்கள் லாம்பின் எண்ணெய்த் தாங்கியைச் சுற்றியிருந்த துருவை நீங்கள் உரஞ்சுதாளால் தேய்த்திருப்பது படத்திலேயே தெரிகிறது. போனது போகட்டும், ஆனால் பாக்குவெட்டியைத் தொடாதீர்கள்.

ஓவிய வரலாற்றில் இந்த விடயத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர் என்று நான் நினைப்பது பிரான்சைச் சேர்ந்த ஷார்தேன் (1699–1779). அசையாத சாமான்களை வரையும் நிலைப்பொருள் ஓவியத்தை மிகக் கீழான வகையாகக் கருதிய காலத்தில், 1728இல், தோலுரித்துத் தொங்கவிட்ட ஒரு திருக்கை மீனையும் சில சமையல் பாத்திரங்களையும் வரைந்த படத்தோடு அவர் அரச ஓவியக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர் ஏறத்தாழ 1734இல் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் செப்புத் தாங்கியை ஏ4 தாளுக்குக் கிட்டிய அளவுள்ள சிறு பலகையில் வரைந்தார். பாரிசில் உள்ள அந்தப் படத்தில் தாங்கி, வாளி, கலயம் போன்ற சில வீட்டுச் சாமான்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே செப்புச் சட்டியும் ஒரே உரலும் அவருடைய படம் படமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர் சாமான் தேடிக் கடைக்குப் போகவில்லை என்பது அதிலிருந்தே தெரியும். திருக்கையைக் கண்டால் நமக்கு வரைய வேண்டும் என்று தோன்றுவதில்லை, திருக்கைச் சுண்டல் என்றுதான் தோன்றும். அது வேறு கதை.

இனி, எதை எதோடு வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் நான்கு சாமான்களும் ஒரு வீட்டைச் சேர்ந்தவையாக இருந்தாலும் ஒரு வேளையைச் சேர்ந்தவை அல்ல. நீத்துப்பெட்டி விடியற்காலைச் சாமான். பாக்குவெட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் எடுப்பது. லாம்பு அந்திக்குரியது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்தவுடன் பார்ப்பவரின் மனம் எந்த நேரத்திலும் நிற்க முடியாமல், "பழைய சாமான்கள்" என்ற பொதுப் பெயருக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறது. ஆகவே வேளையைத் தெரிவு செய்யுங்கள். விடிய ஐந்தரை மணி என்று வைத்துக்கொண்டால் நீத்துப்பெட்டி, மாக் குழைத்த சட்டி, தேங்காய் துருவிய பிறகு கவிழ்த்துவைத்த சிரட்டை ஆகிய மூன்றும் போதும். மத்தியானம் இரண்டு மணி என்றால் வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, பாதி வெட்டிய பாக்கு. அந்தப் பாதிப் பாக்கு மிகவும் முக்கியம். வெட்டிக்கொண்டிருந்தவர் படலையடியில் யாரோ கூப்பிட எழுந்து போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்ற எண்ணத்தை அது தரும். உங்கள் படத்தில் இருக்கும் துடைத்த பாக்குவெட்டியோ அவர் இனி வரமாட்டார் என்பதை மட்டுமே சொல்லுகிறது.

இதோடு சேர்த்து, காலத்துக்குப் பொருந்தாதது என்று நீங்கள் ஒதுக்கிவைக்கக்கூடிய ஏதாவது ஒன்றையும் துணிந்து வைக்கச் சொல்லுவேன். உங்கள் அம்மம்மா பித்தளையோடு மட்டும் வாழவில்லை. வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பனடோல் அட்டை இருந்திருக்கும். பால்மாப் பேணிக்குள் சீனி இருந்திருக்கும். அந்தப் பேணிக்கு மூடி தொலைந்து ஒரு பிளாஸ்டிக் தட்டால் மூடியிருப்பார்கள். கடற்படையின் கப்பல்துறையான டொக்யாட்டில் வேலை செய்தவர்கள் இருந்த வீடுகளில், பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும், கப்பல் தேக்குப் பெட்டியோ தடித்த வெள்ளைப் பீங்கான் கோப்பையோ அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் சாதாரணமாகக் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவருக்குப் பேணியைவிட, பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுத்தான் கல்யாண வீட்டையும் சுற்றியிருந்து சாப்பிட்டவர்களையும் ஒரே நேரத்தில் கண்முன் கொண்டுவரும். தூய தமிழ்ப் பாரம்பரியக் காட்சி என்று நாம் கட்டிவைக்கும் மேசை ஒருவருடைய வீட்டிலும் இருந்ததில்லை.

மூக்குப்பேணியைப் பற்றி ஒரு கசப்பான விடயத்தையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்று மூக்கு வைத்துச் செய்த அந்தப் பேணி வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை; சாதியில் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தண்ணீர் வார்த்த வீடுகள் நமது பகுதிகளில் ஏராளம். உங்கள் படத்தின் முன் நின்று ஒருவர் உருகும்போது இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. பேணியை வரையக்கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் சிரட்டையை ஒரு நாள் பேணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தின் கனம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். வடக்கு யன்னல் ஓரம் இருந்து வரையுங்கள், அங்கேதான் நேர்வெயில் படாத நிலையான வெளிச்சம் கிடைக்கும் என்று ஐரோப்பியப் பாடப்புத்தகங்கள் எல்லாம் எழுதியிருக்கும். அது அவர்களுடைய அகலாங்குக்குச் சரி. திருகோணமலை வட அகலாங்கு ஏறத்தாழ 8.5 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நமது உச்சிக்கு வந்து, அதன் பின்னர் ஆவணி நடுப்பகுதி வரையில் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்குள் காலையிலும் மாலையிலும் வெயில் நேராகப் புகும். ஆகவே சித்திரை முதல் ஆவணி வரை தெற்கு யன்னலையும், ஐப்பசி முதல் மாசி வரை வடக்கு யன்னலையும் பயன்படுத்துவதே நமக்கு உகந்தது. மாரியில் வானம் மூடியிருக்கும்போது வரும் நரை வெளிச்சத்தைப் பலர் வெறுப்பார்கள். அலுமினியத்துக்கும் மண் சட்டிக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குத் தெரியாது.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு நிலையான வெளிச்சம் கட்டாயம் அல்ல. அந்தக் குசினியில் எந்த யன்னலால், எத்தனை மணிக்கு வெயில் வந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை. கிழக்குப் பார்த்த யன்னலால் காலை ஆறரைக்கு, கடலுக்கு மேலிருந்து தாழ்வாக வரும் வெயில் மேசையின் மீது நீளமான நிழல்களை எறியும். இருபது நிமிடத்தில் அந்த நிழல் நகர்ந்துவிடும். ஆகவே ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்காமல், நாளுக்கு அரைமணி நேரம் வீதம் பத்து நாட்கள் அதே நேரத்தில் வந்து இருங்கள். முதல் நாளே நிழலின் விளிம்பைக் கன்வசில் கீறிப் பூட்டிவிடுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். சாமான்களின் அடியைச் சுற்றி மேசையில் சோக்குக் கட்டியால் கோடு போட்டுவையுங்கள். இத்தாலியின் பொலோஞா நகரில் பெரும்பாலும் சில போத்தல்களையும் சாடிகளையும் வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் வரைந்த மொராண்டி (1890–1964) மேசைத்தாளில் இப்படித்தான் அடிக்கோடு போட்டுவந்தார். அவருடைய சாமான்களில் தூசி படிந்தால் அதைத் துடைக்கவும் மாட்டார். உங்கள் வீட்டுப் பூனை அவ்வளவு பொறுமையாக இருக்குமா என்பது வேறு விடயம், ஆனால் கோடு இருந்தால் தட்டிவிட்ட பேணியை மீண்டும் அதே இடத்தில் வைக்கலாம்.

லாம்பு வெளிச்சத்தில் வரைய விரும்பினால் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் என்று கடையில் விற்கும் எல்ஈடி குமிழ் ஏறத்தாழ 2,700 கெல்வின்; சுவாலையின் நிறம் 2,000 கெல்வினுக்கும் கீழே (இந்த எண் குறையக் குறைய ஒளியில் செம்மை கூடும்). அந்தக் குமிழின் கீழ் வரைந்தால் கூடத்துத் தேநீர் விருந்து போல இருக்கும், மின்சாரம் நின்ற இரவு போல இராது. உண்மையிலேயே லாம்பைக் கொளுத்தி வைத்துப் பார்த்துச் சிறு குறிப்புப் படங்கள் எடுத்துக்கொண்டு, பகலில் வந்து வரைவதே வழி.

பார்வையின் உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் மூன்று படங்களிலும் சாமான்கள் நின்றபடி பார்க்கும் ஒரு வளர்ந்த ஆளின் கண்ணுக்குத் தெரிவதைப் போல, வாய் அகலத் திறந்து, மேலிருந்து தெரிகின்றன. நீங்கள் அம்மம்மாவின் குசினியில் இருந்தபோது உங்களுக்கு என்ன வயது? ஆறு வயதுப் பிள்ளையின் கண் மேசை மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பேணியின் வாய் ஒரு மெல்லிய கீற்று. லாம்பு ஒரு கோபுரம். மேசைக்குப் பின்னால் நிற்பவரின் இடுப்புச் சேலை மட்டும்தான் தெரியும். பலகைக் கட்டையைப் போட்டுத் தாழ்வாக இருந்து ஒருமுறை கீறிப் பாருங்கள். என்னிடம் படிக்க வந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்தது, வர்ணத்தைக் கூட மாற்ற வேண்டி வரவில்லை. தரையில் பாயில் இருந்து சாப்பிட்ட வீடென்றால் கதை மாறும்: அப்போது உறியில் தொங்கிய சட்டியின் அடிப்பாகம்தான் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பானிய ஓவியர் சாஞ்செஸ் கோட்டான் ஏறத்தாழ 1602இல் ஒரு கல் யன்னலுக்குள் கோவாவையும் (முட்டைக்கோஸ்) ஒரு பழத்தையும் நூலில் தொங்கவிட்டு, பின்னால் கும்மிருட்டை வைத்து வரைந்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பியர்கள் அதில் கண்ட தத்துவங்கள் பல. பழுதாகாமல் இருக்கவும் பூனைக்கு எட்டாமல் இருக்கவும் கட்டித் தொங்கவிடுவது என்ன என்று நமது ஆச்சிமாருக்குத் தெரியும்.

இப்போது வர்ணம். பித்தளையை மஞ்சளால் வரையக்கூடாது. உங்கள் பேணியில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து பூசியிருக்கிறீர்கள், அதனால் பிளாஸ்டிக் போல இருக்கிறது. காரணம் எளிது: பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் விழும் ஒளிப்புள்ளி விளக்கின் நிறத்திலேயே வெள்ளையாகத் திரும்பும், செம்பு, பித்தளை போன்ற நிறமுள்ள உலோகங்களில் ஒளிப்புள்ளியும் உலோகத்தின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே மிகப் பிரகாசமான புள்ளியிலும் மஞ்சள் காவி ஒரு துளி இருக்க வேண்டும். பேணியின் உடம்பில் பாதிக்கு மேல் கடும் மண்ணிறம், அதில் சிறிது நீலம். சுற்றியுள்ளவை அதில் வளைந்து தெரியும் இடங்களில் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். உங்கள் அம்மம்மாவின் வீட்டில் சிவப்புப் பூசிய சீமெந்துத் தரை இருந்திருக்கும், அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இருந்தது. வெயில் அந்தத் தரையில் பட்டு எழும்பும்போது எல்லாச் சாமானின் அடிவயிற்றிலும் ஒரு சிவப்புச் சாயல் ஏறும். பித்தளையில் அது செம்பாகும், அலுமினியத்தில் இளஞ்சிவப்பாகும், வெள்ளைக் கோப்பையில் வெட்கம் போலத் தெரியும். அந்தத் தரையில் வளர்ந்தவருக்குத் தரையை வரையாமலே தரையைக் காட்டிவிடலாம்.

சிமினிக் கண்ணாடியை வரைய வேண்டாம். அதற்குப் பின்னால் தெரிவதை வரைந்து, இரு ஓரங்களிலும் இருளைக் கூட்டி, மேல் வாயில் புகைக்கரியை உலர்ந்த தூரிகையால் இழுத்துவிடுங்கள். ஓலைப் பின்னலில் ஒவ்வொரு இழையாகக் கீறியிருக்கிறீர்கள், மூன்று நாள் சென்றிருக்கும். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் அந்த ஒரு பட்டியில் மட்டும்தான் பின்னல் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும். அங்கே பத்து இழையைச் சரியாகப் போட்டால் மற்ற இடங்களைக் கண் தானே பின்னிக்கொள்ளும்.

மண்ணிறப் பூச்சைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய மண்ணிறத்தைப் பூசி "பழைய காலத்து" நிறம் கொண்டுவர முயன்றிருக்கிறீர்கள். அந்த நிறம் பழைய புகைப்படத்தின் நிறம். தாளில் இருந்த வெள்ளியை வெள்ளி சல்பைட்டாக மாற்றும் ஓர் இரசாயன வேலையால் வந்தது. உங்கள் அம்மம்மா மண்ணிற உலகத்தில் வாழவில்லை. யன்னல் பச்சை, தரை சிவப்பு, சுவாமிப் படத்தட்டு நீலம், பிளாஸ்டிக் வாளி கடும் செம்மஞ்சள் என்று அந்த வீடு நிறங்களால் நிறைந்திருந்தது. மண்ணிறத்தைப் பூசியவுடன் நீங்கள் நினைவிலிருந்து வரையவில்லை, அல்பத்திலிருந்து வரைகிறீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாமான் கையில் இருக்கும்போது வேண்டாம். கைத்தொலைபேசிக் கமரா கிட்டப் போனால் முன்னால் இருப்பதைப் பெருப்பிக்கும், நிழலுக்குள் இருக்கும் இருளைத் தானாகவே வெளுப்பாக்கும், விடிகாலைச் செம்மையை வெள்ளையாக்கித் "திருத்தி"விடும். அதாவது உங்களுக்கு எது வேண்டுமோ அதைத்தான் முதலில் அழிக்கும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆறேழு அடி தள்ளி நின்று பெருப்பித்து எடுங்கள்.

சாமானே இல்லாதவர்களின் நிலைமை வேறு. 1990இலும் 2006இலும் போரால் இடம்பெயர்ந்து போனவர்களும், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வழித்துக்கொண்டு போன கரையோரத்தவர்களும் நமது மாவட்டத்தில் எத்தனை பேர். உங்கள் சித்தி சம்பூரில் விட்டுவந்த தையல் மெசினை வரைந்து கொடுக்கக் கேட்கிறார் என்றும், அதற்கு ஒரு படம்கூட இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதே வகை மெசினை இரவல் வாங்கி வைத்து வரைந்தால் அது இரவல் மெசினாகத்தான் இருக்கும். சித்தியைப் பக்கத்தில் இருத்தி, அவரையே கீறச் சொல்லுங்கள். அவருக்குக் கீறத் தெரியாது என்பார், பரவாயில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்த மக்களைக் கொண்டு அவர்கள் விட்டுவந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுவித்து, 2011இல் அவற்றை ஒரு நூலாகத் தந்தார். அளவு பிசகிய அந்தக் கோடுகளில்தான் எந்த அறை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்பது தெரிகிறது. சித்தி மெசினின் சக்கரத்தைப் பெரிதாகவும் மேசையைச் சிறிதாகவும் கீறினால் நீங்களும் அப்படியே விடுங்கள். மெசின் எந்தச் சுவரோரம் நின்றது, லாச்சிக்குள் என்ன இருந்தது, மிதியில் எந்தக் கால் என்று கேளுங்கள். அவர் திடமாகச் சொல்லுவதைத் திடமான கோட்டிலும், தடுமாறுவதை மங்கலாகவும் வரையுங்கள். அவருக்குத் தெரியாத இடத்தை நீங்களாக நிரப்பாமல் கன்வசை வெறுமையாக விட்டுவிடலாம்.

கடைசியாக, நமது காலநிலைக்கு ஏற்ற சில நடைமுறை விடயங்கள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. மாரி ஈரத்தில் அது தாமதமாகும். அம்பர் என்னும் மண்ணிறத்தில் மங்கனீசு இருப்பதால் விரைவாகக் காயும், ஆகவே கீழ்ப்பூச்சுக்கு அதுவே நல்லது. கறுப்பு மிகவும் மெதுவாகக் காயும் என்பதால் கரிப் பானையைக் கறுப்பால் வரையாமல் அம்பரும் நீலமும் கலந்து வரையுங்கள், நிறமும் அதில் உயிரோடு இருக்கும். அக்ரிலிக் என்றால் பிரச்சினை எதிர்ப்பக்கம்: வைகாசி, ஆனியில் கச்சான் வீசும்போது (சாப்பிடும் கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்லுகிறேன்) தட்டில் பிதுக்கிய வர்ணம் தூரிகைக்கு வருமுன் தோலாகிவிடும், ஈரத் துணிக்கு மேல் தாளை விரித்து அதன் மேல் வர்ணத்தை வையுங்கள். நீர்வர்ணத் தாளை மாரியில் அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடித்து மண்ணிறப் புள்ளிகள் விழும். எண்ணெய் வர்ணப் படம் முடிந்து ஆறு மாதமாவது செல்லாமல் வார்னிஷ் பூச வேண்டாம். படத்தைக் கடற்பக்கச் சுவரில் மாட்டுவதானால், சட்டத்தின் பின்பக்க மூலைகள் நான்கிலும் போத்தல் தக்கையைப் பாதியாக வெட்டி ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் கன்வசுக்கும் இடையில் ஒரு விரற்கடை காற்று ஓடினால் போதும், சுவரின் ஈரம் படத்துக்கு ஏறாது.